கல்யாண வீடியோவும் உபுண்டுவும்: எங்கள் குடும்பக் குழுவில்

பெரியப்பா: கதிர், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால் என் பழைய மடிக்கணினியில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொண்டேன். மற்ற வேலைகள் எல்லாம் நன்றாக நடக்கின்றன. ஆனால் வனிதாவின் கல்யாண வீடியோவைத் திறந்தால், அதற்கான கோடெக் இல்லை என்றுதான் வருகிறது. அது டபிள்யூஎம்வி கோப்பு. அத்தை ஐபோனில் எடுத்து பென் டிரைவில் கொடுத்த சீமந்த வீடியோவும் அப்படியே.

அத்தை: கோப்பின் பெயரில் டபிள்யூஎம்வி என்பதை எம்பி4 என்று மாற்றிப் பாருங்கள் அண்ணா.

கதிர்: அதனால் பயன் இருக்காது அத்தை. டப்பாவின் மேல் ஒட்டிய பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் மிளகு சீரகமாகிவிடாது. படம் எந்த முறையில் சுருக்கப்பட்டதோ, அதை விரிக்கத் தெரிந்த கோடெக் கணினியில் இருக்க வேண்டும். கல்யாண வீடியோ மைக்ரோசாப்ட் உருவாக்கிய முறையில் இருக்கிறது. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் எச்.265 முறையில் பதிவு செய்கின்றன.

வனிதா அக்கா: இவ்வளவு நல்ல இயங்குதளத்தில் இதை ஏன் முன்பே சேர்த்துத் தரவில்லை?

கதிர்: திறமைக் குறைவு காரணமில்லை அக்கா, காப்புரிமைதான் காரணம். பிரெஞ்சு நிரலாளர் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற மென்பொருள் இந்த இரண்டு முறைகளையும் விரித்துக் காட்டும். ஆனால் இத்தகைய முறைகளுக்குப் பிரதிக்கு இவ்வளவு என்று உரிமத்தொகை கேட்பது வழக்கம். யார் வேண்டுமானாலும் இலவசமாக நகலெடுத்துக் கொடுக்கக்கூடிய ஓர் இயங்குதளம் பிரதிகளை எப்படி எண்ண முடியும், யாருக்குப் பணம் கட்ட முடியும்? ஃபெடோரா என்ற இன்னொரு இலவச இயங்குதளம் இன்னும் கண்டிப்பானது. வன்பொருள் வழியாக எச்.265, அதற்கு முந்தைய முறையான எச்.264 வீடியோக்களை விரிக்கும் வசதியையே 2022இல் நிறுத்திவிட்டார்கள். எம்பி3க்கான காப்புரிமைகள் 2017இல் காலாவதியான பிறகு அது மட்டும் எல்லோருக்கும் தடையின்றிக் கிடைத்தது. ஒரு குடும்பத்தின் நினைவுகள் பிறருடைய உரிமத்துக்குள் அடைபட்டுக் கிடப்பது சரியில்லை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

பெரியப்பா: இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

கதிர்: உபுண்டுவை நிறுவும்போது கூடுதல் ஊடக வடிவங்களுக்கான கட்டத்தை டிக் செய்யாமல் விட்டிருப்பீர்கள். இப்போதும் ‘உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்’ என்ற தொகுப்பை நிறுவினால் போதும். கட்டளையை உங்கள் எண்ணுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் ஒட்டுங்கள். இடையில் மைக்ரோசாப்ட் எழுத்துருக்களுக்கான உரிம ஒப்பந்தம் திரையை நிரப்பும். அங்கே மவுஸ் வேலை செய்யாது. டேப் விசையை அழுத்தி ‘ஓகே’க்குப் போய், பிறகு என்டர் அழுத்துங்கள். பலர் அந்த இடத்தில்தான் கணினி நின்றுவிட்டது என்று எண்ணி மூடிவிடுகிறார்கள். கூடவே விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

அத்தை: நான் கடையில் வாங்கிய பக்திப் பாடல் டிவிடிகளும் அதில் ஓடுமா?

கதிர்: பூட்டிடாத டிவிடி அப்படியே ஓடும் அத்தை. கடையில் விற்கும் சில வட்டுகளில் சிஎஸ்எஸ் என்ற மறைகுறியாக்கம் இருக்கும்; அவற்றுக்கு லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற நிரலகமும் தேவைப்படும்.

பெரியப்பா: கல்யாண வீடியோ தெளிவாக ஓடுகிறது. உன் பெரியம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். சீமந்த வீடியோவில் மட்டும் குரல் தொடர்ந்து கேட்கிறது, படம் விட்டுவிட்டு நகர்கிறது.

கதிர்: அது கோடெக் குறை இல்லை பெரியப்பா. 2015க்கு முந்தைய இன்டெல் சிப்களில் எச்.265ஐ முழுமையாக விரிக்கும் வன்பொருள் கிடையாது. அந்தச் சுமை முழுவதும் பிராசஸர் மேல் விழுகிறது. ஹேண்ட்பிரேக் என்ற கட்டற்ற மென்பொருளில் 1080பி அளவில் எச்.264 பிரதி ஒன்றை எடுத்து, அதைப் பாருங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை மறுபடி சுருக்கும்போதும் படத்தின் தரம் சற்றுக் குறையும்.

பெரியப்பா: சரி. மூலக் கோப்பை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குகிறேன்.