'ஆறுகட்டை' வேண்டாம்: வுண்ட்வுட் என்பதற்கு வேறு சொல்

வணக்கம்.

முதிர்ந்த மரத்தின் பழைய காயம் பற்றிய கையேட்டில் 'வுண்ட்வுட்' (காயத்தின் விளிம்பில் பிறகு விளையும் கட்டை) என்பதை 'ஆறுகட்டை' ஆக்கியிருக்கிறோம். மாற்ற வேண்டும். மரத்துக்குப் புண் ஆறுவது கிடையாது. நம் தோலில் செத்த திசு போய் அதே இடத்தில் புதிது வரும். மரத்தில் அடிபட்ட கட்டை அடிபட்டபடியே இருக்கும். அதைச் சுற்றித் தடுப்புக் கட்டி, மேலே புது வளையங்களைப் போர்த்துவதுதான் மரத்தின் வழி. மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1977இல் விளக்கிய நான்கு தடுப்புகளில், பழைய கட்டைக்கும் காயத்துக்குப் பின் விளையும் கட்டைக்கும் நடுவே அமையும் நான்காவதே வலுவானது. மேலும் கீழும் அழுகல் பரவாமல் தடுக்கும் முதலாவது நோஞ்சான்.

'ஆறும்' என்று நம்பினால் கை சும்மா இருக்காது. தார் பூசுவார்கள்; அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். சிமென்ட் அடைப்பார்கள், காற்றில் மரம் அசையும், சிமென்ட் அசையாது, உரசும் இடத்தில் தடுப்பு உடையும். பொந்து நீரை வடிக்கத் துளை போட்டாலும் அதே கதி.

என் பரிந்துரை: மூடுகட்டை.

> மூடுகட்டை

இதுவும் சரிவராது. மூடாமலே நின்றுவிட்ட காயங்கள்தான் பழைய மரங்களில் அதிகம். இரண்டு சாண் அகலக் காயத்தில் விளிம்புகள் தடித்து, ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி உள்பக்கம் சுருண்டு நிற்கும். 'மூடு' என்று எழுதினால் மூடவைக்கப் பார்ப்பார்கள். 'வடுக்கட்டை' எனலாமே? கேலஸிலிருந்தும் இது பிரிந்து நிற்கும். கேலஸ், காயம்பட்ட சில வாரங்களில் ததும்பி வரும் மென்திசு, நகம் பட்டால் நசுங்கும். லிக்னின் (கட்டைக்கு இறுக்கம் தரும் பொருள்) ஏறிக் கட்டையான பிறகே வடுக்கட்டை.

'வடுக்காழ்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். காழ் உள்வயிரம், இது உயிருள்ள வெளிக்கட்டை.

> வடுக்கட்டை

சம்மதம். பத்தியைத் திருத்திவிட்டேன்:

"தொங்கும் செத்த பட்டையை மட்டும் கூரிய கத்தியால் எடுக்கவும், உயிர்ப்பட்டை தெரிந்ததும் நிறுத்தவும். வடுக்கட்டையைச் சீவக் கூடாது. சீவினால் அது புதுக் காயம். பொந்தில் இற்று உதிர்ந்த தூளைக் கையால் அள்ளலாம், கெட்டிக் கட்டை வரை சுரண்டக் கூடாது. மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டி, பறை போல் முழங்கும் இடங்களைக் குறிக்கவும். உள்ளே பொந்தான 60 செ.மீ. விட்டத் தண்டில் நல்ல கட்டையின் சுவர் 9 செ.மீ.க்குக் (ஆரத்தில் 30 விழுக்காடு) குறைந்தாலோ, அடியில் தட்டுக்காளான் முளைத்தாலோ வல்லுநர் பார்க்க வேண்டும். காயம் வாய் திறந்திருந்தால் இந்த 9 செ.மீ.யும் போதாது. வடுக்கட்டை வளர்வது இலை செய்யும் சர்க்கரையில். பச்சைக் கிளைகளைக் கழிக்காதீர். வேர்ப்பரப்பில் 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு, தண்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி."

'பிராஞ்ச் காலர்' (கிளை தண்டோடு சேரும் இடத்துப் புடைப்பு) என்பதற்குச் சொல் இன்னும் பாக்கி. 'கிளைக்கழுத்து' என்றால் கழுத்தோடு வெட்டிவிடுவார்கள். வெட்டக் கூடாத இடமே அதுதான்.