“அந்தச் சாலையில் யாருமே சைக்கிள் ஓட்டுவதில்லையே” என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

முன்சக்கரம்:

வணக்கம். நாங்கள் ஏழு பேர், எல்லோரும் தன்னார்வலர்கள். வேலை முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும்தான் இதற்கு நேரம் கிடைக்கிறது. எங்கள் பகுதியில் பள்ளியையும் நூலகத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் சாலை ஒன்று இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர்கூட வராது. அதில் சைக்கிளுக்குத் தனித்தடம் கேட்டு ஒரு வருடமாக மனு கொடுத்து வருகிறோம்.

போன வாரம்தான் முதல்முறையாக ஓர் அதிகாரி எங்களை உட்காரவைத்துப் பேசினார். “அங்கே சைக்கிளே போவதில்லையே. ஓட்டுகிறவர்களைக் காட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம்” என்றார். சரி என்று இரண்டு நாள் காலை ஏழரை முதல் ஒன்பது வரை நின்று எண்ணினோம். முதல் நாள் 14 பேர், மறுநாள் 11. அந்தத் தாளைப் பார்க்கவே மனம் கனக்கிறது. கொடுத்தால் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். மறைத்தால் அது நேர்மை இல்லை. எங்களில் இரண்டு பேர் விட்டுவிடலாம் என்கிறார்கள். இதே கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். நீங்கள் என்ன செய்தீர்கள்?

இரண்டாம்கியர்:

தம்பி, ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எங்களிடமும் இதையேதான் கேட்டார்கள், நாங்களும் உங்களைப் போலவே போய் நின்று எண்ணினோம். அன்றைக்கு என் பக்கத்தில் நின்ற தோழி ஒன்றைக் கவனித்தாள். போனவர்கள் அத்தனை பேரும் வாலிப வயது ஆண்கள். ஒரு குழந்தை இல்லை, ஒரு பாட்டி இல்லை, பின்னால் பிள்ளையை உட்காரவைத்த ஒரு தாய் இல்லை. ஒரு சாலை எவ்வளவு பயமுறுத்துகிறது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. உங்கள் 14 பேர் யார் யார் என்று குறித்துவைத்தீர்களா?

அப்புறம் பள்ளி வாசலில் போய் நின்றோம். “வீட்டில் சைக்கிள் இருக்கிறதா? கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?” இந்த இரண்டு கேள்விதான். பெரும்பாலான வீடுகளில் இருந்தது, காற்று இறங்கிப் பால்கனியில் கிடந்தது. என் வீட்டிலும் அப்படித்தான். என் மகள் பதினொரு வயதில் ஒரு கார் கண்ணாடி கைப்பிடியை உரசிப்போன நாளோடு ஓட்டுவதை நிறுத்திவிட்டாள். நானும் “வேண்டாம்” என்றுதான் சொன்னேன். இன்றுவரை அதை நினைத்தால் வலிக்கிறது. அவளுக்கு அது பிடித்த ஒன்று, ஓட்டவும் நன்றாகத் தெரியும். இருந்தும் எந்தக் கணக்கெடுப்பிலும் அவள் வரமாட்டாள்.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சைக்கிள் திட்டங்களைப் பார்த்துவந்த ரோஜர் கெல்லர் 2006இல் இதை அழகாகப் பிரித்துச் சொன்னார். எந்தச் சாலையிலும் அஞ்சாமல் ஓட்டுபவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வண்டிகளோடு சேர்ந்து ஓட்டத் தைரியம் இருந்தாலும் தனித்தடத்தையே விரும்புபவர்கள் 7 சதவீதம். எப்படியும் ஓட்டாதவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மீதி 60 சதவீதத்துக்கு ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. அது அவருடைய மதிப்பீடுதான். ஆனால் நீங்கள் எண்ணியது முதல் இரண்டு வகையினரை மட்டுமே என்பது அதைப் பார்த்தால் புரியும். நாம் பேச வேண்டியது அந்த 60 பேருக்காக.

நெதர்லாந்தைக் காட்டினால், “அவர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள்” என்பார்கள். அங்கே 1950களிலும் 60களிலும் கார் பெருகப் பெருக சைக்கிள் குறைந்துகொண்டேதான் போனது. 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’. அந்தப் பெயரிலேயே பெற்றோர்கள் திரண்டு தெருக்களை மறித்து உட்கார்ந்தார்கள். “எங்களில் இத்தனை பேர் ஓட்டுகிறோம்” என்பதா அவர்கள் பேச்சு? எங்கள் பிள்ளை உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்றார்கள். நான் பேசப் போகும் இடத்திலெல்லாம் இந்தக் கதையைச் சொல்லுவேன்.

சரி, இனி நீங்கள் செய்யக்கூடியது. எங்களுக்குப் பலன் கொடுத்தது நாங்கள் ‘இறங்கிய இடம்’ என்று பெயர் வைத்த வரைபடம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 63 வயது, சைக்கிளைத் தொட்டு இருபது வருடம். முதல் இரண்டு வாரம் மைதானத்தில் பழகவிட்டு, அப்புறம் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த சாலையில் அவரை நடுவில் விட்டு, முன்னும் பின்னும் துணைக்கு ஆள் வைத்து ஓட்டினோம். அவர் எங்கெல்லாம் பயந்து காலை ஊன்றி இறங்கினாரோ அங்கெல்லாம் சாக்பீஸால் ஒரு குறி. ஒன்றரை கிலோமீட்டரில் ஐந்து இடம். நிறுத்திய கார்களை ஒட்டிப் போகும்போது ஒரு கதவு திடீரென்று திறந்தது, அது முதல் இடம். அடுத்தது மழைநீர் இறங்கும் இரும்பு மூடி. கம்பிகள் சைக்கிள் போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தன, மெல்லிய டயர் உள்ளே இறங்கிவிடும். மூன்றாவது, பக்கத் தெருவுக்குக் கார்கள் வேகம் குறைக்காமல் திரும்பும் வளைவு. அங்கே அவர் இறங்கியதோடு நிற்காமல் சைக்கிளைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த வரைபடத்தோடு போனபோது யாரும் எங்களிடம் எண்ணிக்கை கேட்கவில்லை. “எந்த மூடி, எந்த மூலை?” என்று கேட்டார்கள். மூடியை ஒரே மாதத்தில் மாற்றிவிட்டார்கள், அது பராமரிப்பு வேலைக் கணக்கில் வருகிறது. வளைவுக்கு இரண்டு வருடம் ஆனது. முழுத்தடம் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த அம்மா இப்போது நூலகத்துக்குச் சைக்கிளில்தான் போகிறார்.

14ஐ ஒதுக்கி வையுங்கள். பயந்து இறங்குகிற ஒருவரை முதலில் தேடுங்கள்.

மூன்றுசக்கரம்:

அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி வைத்திருக்கிறேன், அகலம் 82 செ.மீ. என்னால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக முடியாது. அதனால் எனக்கு ‘இறங்கிய இடம்’ என்று ஒன்று கிடையாது, ‘திரும்பிப் போன இடம்’தான் உண்டு.

பைக் நுழையக்கூடாது என்று பூங்காப் பாதை வாசலில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புத் தடுப்பு வைப்பார்கள். பைக்குகள் எப்படியோ நுழைந்துவிடும், நான் வெளியே நிற்பேன். பொருள் ஏற்றும் சைக்கிளுக்கும், இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளுக்கும், குழந்தை வண்டியை இழுத்துப் போகிறவர்களுக்கும் இதே கதி. இங்கிலாந்தில் 2020இல் வெளிவந்த வடிவமைப்பு வழிகாட்டி 2.8 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் உள்ள சைக்கிளை மனதில் வைத்துத்தான் பாதை போடச் சொல்கிறது. தடுப்புக் கம்பங்களுக்கு நடுவே குறைந்தது 1.5 மீட்டர் விடச் சொல்கிறது. உங்கள் மனுவில் இந்த எண்களை எழுதிவிடுங்கள். பாதை போட்ட பிறகு எங்களை நினைத்துக்கொண்டால் கான்கிரீட்டை உடைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் ஏழு பேரில் என்னைப் போன்ற ஒருவர் இருக்கிறாரா?

தார்ச்சாலை:

சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து “ஓட்டுகிறவர்களைக் காட்டுங்கள்” என்று நானும் சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று இப்போது தெரிகிறது.

ஆனால் இரண்டாம்கியர் அம்மா சொன்னதில் ஒரு மாற்றுக் கருத்து. 14ஐ ஒதுக்காதீர்கள், தேதியும் நேரமும் போட்டுக் கொடுத்துவிடுங்கள். நாளைக்குத் தடம் வந்தால், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட வேறு என்ன இருக்கும்? முன்கணக்கு இல்லாததால் நன்றாக நடந்த ஒரு வேலையைக்கூட என்னால் மேலிடத்தில் நிரூபிக்க முடியாமல் போயிருக்கிறது. பெரியவர், சிறியவர், ஆண், பெண் என்று பிரித்து எழுதுங்கள். குறைவாக இருப்பதே உங்கள் வாதம்.

இரண்டாவது, வேகம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் மோதும்போது அதன் ஆற்றல் 30இல் வருவதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஓட்டுநர் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 30இல் 8 மீட்டர், 50இல் 14 மீட்டர் ஓடியிருக்கும். தடத்துக்கு இடமே இல்லாத சாலையில் வேகத்தைக் குறைக்கக் கேளுங்கள். பலகை வைத்தால் மட்டும் வேகம் குறையாது. மூலையின் வளைவை இறுக்கி, சாலையைக் குறுக்கினால் குறையும்.

மூன்றாவதுதான் முக்கியம். அந்தச் சாலைக்கு மறுபடி தார் போடுவது எப்போது என்று விசாரியுங்கள். தார் போட்டதும் கோடுகளைப் புதிதாகத்தான் வரைய வேண்டும். அதே கோட்டை வேறு இடத்தில் வரைய ஏறக்குறைய அதே செலவுதான். அந்தக் கோடுகளுக்கான வரைபடம் கையெழுத்தாவதற்கு முன்னால் போனால் உங்களுக்கு இடம் உண்டு, பின்னால் போனால் யாராலும் உதவ முடியாது. சாலையின் அகலத்தை டேப் பிடித்து நீங்களே அளந்து, குறுக்குவெட்டுப் படமாக வரைந்து கொண்டு போங்கள்.

முன்சக்கரம்:

நன்றி சொன்னால் போதாது. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தார் போடும் வேலை எட்டு மாதத்தில் வருகிறதாம், வரைபடம் இன்னும் தொடங்கவில்லை. இதைக் கேட்டதும் விட்டுவிடலாம் என்ற அந்த இரண்டு பேரே டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒருவரின் அம்மா ஓட்டிக் காட்ட ஒப்புக்கொண்டார். ஆறு இடத்தில் இறங்கினார். நான்கு இடங்களை நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். மற்ற இரண்டும் நான் தினமும் ஓட்டிக் கடக்கிற இடங்கள், அங்கே பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மூன்றுசக்கரம் அண்ணா கேட்டதற்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. இப்போது மூன்று சக்கர வண்டி ஓட்டும் ஒருவர் சேர்ந்திருக்கிறார், வரும் ஞாயிறு அவர் முன்னால் போகிறார். தார்ச்சாலை ஐயா, சாலையின் அகலம் 11.4 மீட்டர் வருகிறது, பள்ளி அருகே மட்டும் 9.8. அந்தக் குறுகிய இடத்துக்கு எப்படி வரைவது?

தார்ச்சாலை:

9.8இல் கார் நிறுத்துவதை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். இரண்டு பக்கமும் எத்தனை கார்கள், எத்தனை மணி நேரம் நிற்கின்றன என்று ஒரு நாள் முழுக்கக் குறித்து அனுப்புங்கள். வரைந்து தருகிறேன்.