வேலி பாடும் பகுதி: சேர்ந்திசையில் நினைவேந்தல் பற்றிய அனுபவப் பகிர்வுகள்

தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவே கொல்லப்பட்டவர்களை நினைவுகூரும் சேர்ந்திசையைப் பாடியவர்களோ கேட்டவர்களோ இங்கிருந்தால், தங்கள் அனுபவத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ஒரு சமூகப் பாடகர் குழுவில் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) வரிசையில் பாடியபோது, கிரெய்க் ஹெல்லா ஜான்சன் இயற்றிய 'கன்சிடரிங் மேத்யூ ஷெப்பர்டு' என்ற படைப்பை நாங்கள் எடுத்துக்கொண்டோம். வயோமிங் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மேத்யூ, 1998 அக்டோபர் 6 இரவு லாரமி நகருக்கு வெளியே ஒரு மரவேலியில் கட்டப்பட்டுக் கொடூரமாகத் தாக்கப்பட்டார். ஏறத்தாழ 18 மணி நேரத்துக்குப் பின் அவ்வழியே மிதிவண்டியில் வந்தவர், முதலில் அவரை வயல்வெளிப் பொம்மை என்றே நினைத்தாராம். அக்டோபர் 12 அன்று மேத்யூ உயிரிழந்தார். ஆஸ்டின் நகரின் கான்ஸ்பிராரே குழு 2016இல் முதன்முதலாகப் பாடிய இப்படைப்பு, கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் பழைய தேவாலய இசைவடிவத்தைப் பின்பற்றுகிறது. ஆனால் தொடக்கமோ பியானோவில் வரும், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் எளிய முன்னிசைதான். அது முடிந்ததும் நாங்கள் பாடியவை மேய்ச்சல் நிலத்தையும் வானத்தையும் பற்றிய வரிகள்; சாவைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை.

என்னை உலுக்கியது அந்த வேலி. படைப்பில் அது நான்கு முறை பேசுகிறது: சம்பவத்துக்கு முன்பு, அந்த இரவில், ஒரு வாரம் கழித்து, எல்லாம் முடிந்த பிறகு. மேத்யூவோடு அன்றிரவு முழுவதும் இருந்தது அந்த மரவேலி மட்டுமே என்பதை, ஒத்திகையில் அந்த வரிகளை வாயால் சொல்லும்வரை நான் உணரவில்லை. இரண்டாவது ஒத்திகையில் எனக்குக் குரல் எழும்பவில்லை. நீண்ட சுரங்களை ஒரே மூச்சில் பாட முடியாது என்பதால் அருகருகே நிற்பவர்கள் வெவ்வேறு இடங்களில் மூச்செடுப்பது சேர்ந்திசையின் வழக்கம். அதனால் நான் நிறுத்திய பிறகும் ஆல்டோ வரி அறுபடாமல் சென்றுகொண்டிருந்தது. அழுகிறவருக்கு இடம் கொடுத்துவிட்டுப் பாட்டு நடக்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

*

நான் அதே படைப்பை டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) வரிசையில் பாடியவன். இதைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். அதில் ஓர் இடத்தில் குழுவினர் கொலையாளிகள் இருவரையும் நோக்கி, நானும் உங்களைப் போன்றவன்தானோ என்று கேட்க வேண்டும். பள்ளி நாட்களில் என் நடையைக் கேலி செய்து அடித்தவர்களை மறக்காத நான், அந்தப் பகுதியைப் பாட மாட்டேன் என்று குழுவின் இசை நடத்துநரிடம் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை, அந்தப் பக்கங்கள் வரும்போது வாய் மூடி நின்றால் போதும் என்றார். மூன்று நிகழ்ச்சிகளிலும் அப்படியே நின்றேன். பாதிக்கப்பட்டவர்களின் தரப்பில் நிற்பவர்கள் இந்த வரியைப் பாடியே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது என்பது இன்றும் என் கருத்து. அதே வேளையில், எனக்குப் பக்கத்தில் நின்றவர், தாம் இளமையில் கேலிசெய்த கூட்டத்தில் இருந்ததாகச் சொல்லி, அந்த வரியைத் தலைகுனிந்து பாடினார். அவருக்கு அது தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை.

*

நான் பாடுபவள் அல்ல. எனக்கு இசை கற்பித்த மூத்தவர் சொன்னதை மட்டும் பகிர்கிறேன். 1978 நவம்பர் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில், தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காமல் தேர்தலில் வென்ற நகர மேற்பார்வையாளர் ஹார்வி மில்க்கும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்ட மாலையில், மெழுகுவத்தி ஏந்தி நகர மன்றம் நோக்கி நடந்தவர்களில் அவரும் ஒருவர். ஒத்திகை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகியிராத தன்பாலீர்ப்பு ஆண்கள் பாடகர் குழு அந்தப் படிக்கட்டில் நின்று இசையமைப்பாளர் மெண்டல்சோனின் இறைப்பாடல் ஒன்றைப் பாடியது. அக்குழு பொதுவெளியில் பாடிய முதல் பாட்டே அதுதான். எந்த அரங்கிலும் அறிமுகமாகாத மனிதர்கள், தங்கள் முகத்தைக் காட்டுவதே ஆபத்தாக இருந்த காலத்தில், இரங்கலுக்காக முன்னே வந்து நின்றார்கள் என்று சொல்லும்போதெல்லாம் அவர் சற்று நேரம் பேச்சை நிறுத்திவிடுவார்.

*

இழையைத் தொடங்கியவள் மீண்டும் எழுதுகிறேன். டெனர் நண்பர் வாய் மூடி நின்றதைப் படித்ததும், என் இசைத்தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வேலி பேசும் பக்கத்தில், நான் குரல் தவறிய இடத்துக்கு நேரே, என் கையெழுத்தில் இல்லாத ஒரு பென்சில் குறி இருந்தது. பக்கத்தில் நின்றவர் எனக்குத் தெரியாமல் தம் மூச்செடுக்கும் இடத்தை இரண்டு தாளக்கட்டங்கள் தள்ளிவைத்துக்கொண்டு, அதை என் தாளிலும் குறித்திருக்கிறார்.