பத்து நாள் ஊழியப் பயணம்: போகலாமா, நிறுத்தலாமா?

பாளை செல்வி:

சென்ற வாரம் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "குறுகிய கால ஊழியப் பயணம் என்பது காணிக்கைப் பணத்தில் போகிற சுற்றுலா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2016 நவம்பரில் 14 பேர் கொண்ட குழுவில் நானும் நேபாளத்துக்குப் போனேன். சென்னையிலிருந்து இரண்டு இரவு ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சோனௌலி, எல்லையை நடந்தே கடந்து மறுபடியும் பஸ். தாதிங் மாவட்டத்தில் ஜீப் பாதை முடிகிற இடத்திலிருந்து மூன்று மணி நேரம் ஏறினால் தாமாங் இன மக்களின் கிராமம் ஒன்று. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் வந்தது ஒரு சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்னால். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான். சபை கூடுவதும் அன்றுதான். ஆராதனையில் இருந்தவர்கள் மேல் பல ஊர்களில் கூரை விழுந்தது. நான் தங்கிய வீட்டு அக்காவின் மாமியார் அப்படித்தான் இறந்தார். அந்த அக்காவை நான் தீதி என்று கூப்பிடுவேன். அங்கே அக்காவுக்கு அதுதான் சொல்.

இடிந்த ஆலயத்துக்குச் சுவர் எழுப்ப உதவி செய்வதாகப் போயிருந்தோம். தீதி, டோகோ என்கிற முதுகுக்கூடையில் கல்லை அடுக்கி, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, குனிந்தபடி மேடேறுவார். எனக்கு அரை மணி நேரத்தில் கழுத்துப் பிடித்துக்கொண்டது. துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, எங்கள் ஊரில் இப்படித்தான் சுமப்போம் என்று காட்டினேன். தீதியும் சும்மாடு வைத்துப் பார்த்தார். நான்கடி நடப்பதற்குள் பாரம் சரிந்துவிட்டது. இருவரும் மண்ணில் உட்கார்ந்து கண்ணீர் வரும்வரை சிரித்தோம். நிலநடுக்கத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்ததாக அவருடைய மகள் சொன்னாள். இரவு அவர் கிண்டிக் கொடுத்த டிண்டோ, எங்கள் ஆச்சி கிண்டுகிற கேப்பைக் களியேதான்.

2018 இலும் 2023 இலும் மறுபடி போனேன். வாரம் ஒருமுறையாவது குரல் செய்தி அனுப்பிக்கொள்கிறோம். 2021 இல் என் அம்மா இறந்தபோது தீதி ஒரு சனிக்கிழமை முழுவதும் உபவாசம் இருந்தார். இதையா சுற்றுலா என்கிறார்கள்? இந்த நவம்பரில் எங்கள் குழு மறுபடி போகிறது. போவது சரியா, தவறா? மனம்விட்டுச் சொல்லுங்கள்.

மலைப்பாதை:

சகோதரி, உங்கள் சிநேகிதத்தை நான் ஒரு சொல்லாலும் குறைக்க மாட்டேன். பயணத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். நான்கு முறை இப்படிக் குழுவை அழைத்துக்கொண்டு போனவன் என்ற முறையில் சொல்கிறேன்.

என் கடைசிப் பயணத்தில் ஆளுக்கு 28,000 ரூபாய் செலவு. 14 பேருக்கு 3,92,000. நாங்கள் போன அதே ஊரில் ஓர் உள்ளூர் ஊழியருக்கு எங்கள் சபை மாதம் 8,000 ரூபாய் அனுப்புகிறது. எங்கள் பத்து நாள் செலவு அவருக்கு நான்கு வருடச் சம்பளம். இந்தக் கணக்கை நாங்கள் போய்வந்த பிறகுதான் போட்டேன்.

அதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருக்கிறது. அந்த ஊர்ப் போதகர் வீட்டில் தினமும் எங்களுக்குக் கோழிக் குழம்பும் பருப்பும் சோறும் போட்டார்கள். மனம் நிறைந்து சாப்பிட்டோம், ஜெபம் செய்தோம், படம் எடுத்தோம். எங்களுக்குச் சமைப்பதற்காக அவர் கடைக்காரரிடம் 11,000 நேபாள ரூபாய் கடன் வைத்திருந்தது எட்டு மாதம் கழித்து வேறொருவர் மூலம் எனக்குத் தெரிந்தது. அவரிடம் கேட்டபோது, "விருந்தாளி வந்தால் எப்படி வேண்டாம் என்று சொல்வது?" என்றார். வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருவருடைய புன்னகையைச் சிநேகிதம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நான் எந்தக் குழுவையும் அழைத்துப் போகவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ண வேண்டாம். 1998 இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சிதைத்த பிறகு, வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாக வீடு கட்டப் போனார்கள். அந்த நாட்டில் வாழ்ந்த கர்ட் வெர் பீக் என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்தார். வெளிநாட்டுக் குழு வந்து கட்டினால் பயணச் செலவோடு சேர்த்து ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 30,000 டாலர். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு கட்டினால் 2,000 டாலர். ஒரு வீட்டின் செலவில் பதினைந்து குடும்பங்களுக்குக் கூரை கிடைத்திருக்கும்.

வேலூர் மாணவி:

எல்லாவற்றையும் ரூபாயில் அளந்தால் வேலூரில் மருத்துவமனையே வந்திருக்காது, ஐயா. அதைத் தொடங்கிய அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கடர் 1890 இல் திண்டிவனத்துக்கு வந்தது, நோயுற்ற தாயைச் சில காலம் பார்த்துக்கொண்டு திரும்பிப் போவதற்காகத்தான். மிஷனெரியாக இருக்க அவருக்கு விருப்பமே இல்லை. ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று அந்த வீட்டார் மறுத்ததால் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவு அவரை மாற்றியது. வந்து பார்க்காமல் இருந்திருந்தால் மாறியிருப்பாரா?

மலைப்பாதை:

மாறியிருக்க மாட்டார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்து அவர் என்ன செய்தார்? அமெரிக்காவுக்குத் திரும்பி, மருத்துவம் படித்து முடித்து, 1900 இல் வந்து, ஒரு கட்டிலோடு தொடங்கி, சாகும்வரை இங்கேயே இருந்தார். நம் வாலிபர்கள் பத்தாம் நாள் சாட்சி சொல்கிறார்கள், பதினோராம் நாள் ரயிலில் சீட்டுப் பதிவு உறுதியாகிவிட்டதா என்று பார்க்கிறார்கள். போய்வந்த 14 பேரில் நேபாளி படிக்க உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? செல்வி சகோதரி மனசாட்சியோடு சொல்லட்டும்.

பாளை செல்வி:

நானும் இன்னொரு தம்பியும்தான். 14 பேரில் இரண்டு பேர். மற்றவர்களில் பலர் தாங்கள் தங்கிய வீட்டாரின் பெயரையே மறந்துவிட்டார்கள். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

மெஞ்ஞானபுரத்தான்:

நம் மண்ணில் பிறந்த ஒருவரை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, 1910 இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்காரர்கள் நிறைந்த அவையில் எழுந்து பேசினார். அப்போது அவருக்கு வயது 35. ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அவையில் பலருக்குப் பிடிக்கவில்லை. நூறு ஆண்டு கடந்தும் அந்தப் பேச்சு நிற்கிறது. சிநேகிதமே ஊழியத்தின் உயிர் என்று ஒரு திருநெல்வேலிக்காரர் உலகத்துக்குச் சொன்ன பிறகு, செலவுக் கணக்கைத் தூக்கி முன்னால் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. செல்வி பெற்றிருப்பது அசரியா கேட்ட அதே பொருள்.

கங்கைக்கரை:

ஐயா, அசரியாவை அரைகுறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய மனத்தாங்கல் என்ன? பல ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்த மிஷனெரிகள்கூட இந்திய ஊழியர்களைச் சரிசமமாக வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்துச் சாப்பிடவில்லை என்பதுதான். ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களிடமே கிடைக்காததைப் பத்து நாள் குழு கொடுத்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. அவரே என்ன செய்தார்? டோர்னக்கல்லுக்குப் போய், தெலுங்கு கற்று, 1945 இல் கண்மூடும்வரை அந்த மக்களோடு இருந்தார்.

நான் 12 ஆண்டுகள் வட இந்தியாவில் ஊழியம் செய்தவன். அதில் கடைசி ஐந்து ஆண்டுகள் நேபாள எல்லையோரம். வந்துபோகிற குழுக்களைப் பின்னாலிருந்து பார்த்தவன். இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, சட்டம். நேபாளத்தில் 2018 ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கிற குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவு, மதம் மாற்றுவதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்கிறது. வெளிநாட்டவரானால் தண்டனைக்குப் பிறகு நாடு கடத்தப்படுவார். நாம் முகநூலில் போடுகிற படங்கள் யார் கழுத்தில் விழுகின்றன என்று யோசிக்கிறோமா? ஒரு குழு தலைமேல் கைவைத்து ஜெபிக்கிற படங்களைப் போட்டுவிட்டு ஊர்போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் ஊர்க்காரர்கள் சிலர் அந்தப் படத்தைக் கைபேசியில் காட்டி உள்ளூர்ப் போதகரைக் கேள்வி கேட்டார்கள். அவர் இரண்டு மாதம் மனைவி மக்களை மாமனார் ஊருக்கு அனுப்பிவைத்தார். படம் போட்டவர்களுக்கு இன்றுவரை இது தெரியாது.

இரண்டாவது, அனாதை இல்லங்கள். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மாவட்டங்களின் பெற்றோர், பிள்ளைகள் பத்திரமாகப் படிக்கட்டும் என்று நம்பித் தரகர்களிடம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் காத்மாண்டுவில் அனாதைகளாகக் காட்டப்பட்டார்கள். தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கிற பிள்ளைகள்! அன்பு மிகுதியால் நாம் கொண்டுபோய்க் கொடுக்கிற மிட்டாயும் நன்கொடையும் அந்தத் தொழிலைத்தான் வளர்த்தன. குழுவின் பயணத் திட்டத்தில் "அனாதை இல்லச் சந்திப்பு" என்று ஒரு வரி இருந்தால், தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள்.

அனுப்புவதானால் இரண்டு பேரை மூன்று மாதத்துக்கு அனுப்புங்கள். மொழி கற்கட்டும், வயல் வேலை செய்யட்டும், தங்கள் சாப்பாட்டுச் செலவைத் தாங்களே கொடுக்கட்டும்.

மட்டுநகர் ரூத்:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2004 சுனாமி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீடு இலங்கையில், மட்டக்களப்பு நாவலடியில் இருந்தது. இருந்தது என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

2005 இல் முகாமுக்கு வெளிநாட்டுச் சபைகளிலிருந்து பலர் வந்தார்கள். ஒரு அக்கா இரண்டு வாரம் இருந்தார். என் தலைமுடியைப் பின்னிவிடுவார். முன்பு அதை அம்மா செய்வார். அந்த அக்காவுக்குப் பின்னத் தெரியாது, கோணலாகத்தான் வரும். ஆனாலும் நான் அவிழ்க்கமாட்டேன், இரவு அப்படியே படுப்பேன். புறப்படும் நாளில் அவர் என்னைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அடுத்த வருடம் வருவேன் என்றார். மூன்று கடிதங்கள் வந்தன. பிறகு வரவில்லை. முகாமிலிருந்து புதிய வீட்டுக்கு மாறியபோது, கடிதம் வந்தால் தவறிப்போகுமே என்று பழைய இடத்துக்குப் பல தடவை நடந்துபோய் விசாரித்தேன்.

அவரை நான் கோபிக்கவில்லை. அப்போது அவருக்கு இருந்ததைவிட இப்போது எனக்கு வயது கூட. இருபது வயதில் ஒருவர் சொல்கிற சொல்லின் பாரம் அவருக்கே தெரிந்திருக்காது. அந்த இரண்டு வாரம் எனக்குத் தேவைப்பட்டது. வந்திருக்கவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மலைப்பாதை அண்ணா சொல்கிற கணக்கில் அந்தப் பின்னலுக்கு இடம் இல்லை.

போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். புறப்படும் நாளில் பிள்ளைகள் முன்னால் அழாதீர்கள். பெரியவர்களுக்கு அது கடந்துபோகும். பிள்ளைகள் அந்த அழுகையை நம்பிக்கொண்டிருப்பார்கள். திரும்பி வருவேன் என்று சொன்னால் வாருங்கள். வர முடியாது என்றால் சொல்லாதீர்கள்.

மலைப்பாதை:

தங்கச்சி, உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். என் குழுவில் வந்த பிள்ளைகள் எத்தனை பேரிடம் "அடுத்த வருஷம் வருவோம்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். நானே சொல்லியிருக்கிறேன்.

கோவை சிற்றுண்டிக்காரர்:

நான் கிறிஸ்தவன் இல்லை. உள்ளே வரலாமா என்று தயங்கினேன், ஆனாலும் எழுதுகிறேன். கோவையில் உணவு விடுதி நடத்துகிறேன். என்னிடம் ஆறு நேபாளத் தம்பிகள் வேலை செய்கிறார்கள். 2015 இல் நிலநடுக்கம் வந்தபோது கோர்க்கா மாவட்டத்துப் பையன் ஒருவன் மூன்று நாள் வீட்டுக்குத் தொடர்பு கிடைக்காமல் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கைபேசியோடு உட்கார்ந்திருந்தான். சாப்பிடவில்லை. நாலு கட்டிடம் தள்ளி ஒரு பெரிய சர்ச் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அங்கிருந்து வந்து நூறு பேராவது என் கடையில் டிபன் சாப்பிடுவார்கள். அவனுடைய பெயரைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. சில மாதம் கழித்து அதே சர்ச்சிலிருந்து நேபாளத்துக்கு நிவாரணக் குழு போனதாகச் சுவரொட்டி பார்த்தேன்.

நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. அந்தப் பையன் அப்போது இலை எடுத்துக்கொண்டிருந்தான். அது என் மனதை விட்டுப் போகவில்லை.

மெஞ்ஞானபுரத்தான்:

இதற்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை, ஐயா. அசரியாவைப் பேசிய வாயால் வேறென்ன சொல்வது? ஆனால் இங்கே தவறினோம் என்பதற்காக அங்கேயும் போகக்கூடாது என்று ஆகிவிடாது. நான் இன்னமும் போக வேண்டும் என்கிற பக்கம்தான்.

பாளை செல்வி:

இரண்டு நாளாக எழுதவில்லை. கடைக்கார அண்ணாச்சியின் பதிவைப் படித்த பிறகு ஒரு விஷயம் என்னை அறுத்துக்கொண்டிருந்தது. தீதியின் தம்பி இரண்டு வருடமாகப் பெருந்துறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தீதி பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் "அப்படியா, நல்லது" என்று பதில் அனுப்பியிருக்கிறேன். அவளைப் பார்க்க எல்லை தாண்டி மூன்று முறை போனவள், ஓர் இரவு பஸ் தூரத்தில் இருக்கிற அவளுடைய கூடப்பிறந்தவனை ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

நேற்று தீதியிடம் கேட்டு அவனுடைய எண்ணை வாங்கினேன். என் அரைகுறை நேபாளியில் பேசினேன். முதலில் பயந்துவிட்டான், அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று. பிறகு நான் யார் என்று சொன்னதும், "சும்மாட்டு அக்காவா?" என்றான். அந்தக் கதை அவன் வரைக்கும் போயிருக்கிறது.

வருகிற சனிக்கிழமை இரவு திருநெல்வேலியிலிருந்து ஈரோடு பஸ்ஸில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். கேழ்வரகு மாவு கொண்டு போகிறேன். நவம்பர் பயணத்தைப் பற்றிச் சபையில் பேசப்போகிறேன். எனக்குப் போக ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் 14 பேர் வேண்டாம், மூன்று பேர் போதும், சாப்பாட்டுப் பணத்தை முதல் நாளே கொடுத்துவிடுவோம், படம் போட மாட்டோம் என்று கேட்பேன்.

மலைப்பாதை:

நவம்பர் பயணத்தில் என் கருத்து மாறவில்லை. மூன்று பேர் போனாலும் அந்தப் பணம் அங்கேயே போய்ச் சேருவது நல்லது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அதைப் பிறகு பேசுவோம்.

என் வீடு ஈரோட்டில்தான். ஞாயிறு காலை முதல் ஆராதனைக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. இந்தியும் ஓரளவு பேசுவேன். பெருந்துறைக்கு நானும் என் மனைவியும் உங்களோடு வரலாமா? பஸ் எத்தனை மணிக்கு ஈரோடு வந்து சேரும் என்று சொல்லுங்கள், சகோதரி. பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுகிறோம்.