கொலுசு பாக்கித் தாவா: வாட்ஸ்அப், சிசிடிவி பதிவை கோர்ட்டில் சான்றாவணமாக எப்படி மார்க் செய்வது?

செவ்வாய்ப்பேட்டை_ஜூனியர்
கட்சிக்காரர் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெளியூர் வியாபாரி 7 லட்சம் பாக்கி வைத்துவிட்டு, சரக்கே வாங்கவில்லை என்கிறார். ஆர்டர், எடை, "அடுத்த வாரம் தர்றேன்" எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. சரக்கை வாங்கிப் போனது கடை சிசிடிவியில் பதிவாகி 10 நாள் ஆகிறது. 4 கேமரா, 1 டிபி டிஸ்க். ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட், பென்டிரைவில் வீடியோ, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் (மின்னணுப் பதிவுக்கானது) போதுமா?

டிவிஆர்_டெக்னீஷியன்
சட்டத்தை மற்றவர்கள் சொல்லட்டும், முதலில் டிவிஆரை (கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டி) பாருங்க. ஒரு கேமராவின் பதிவு வேகம் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) என்றால் நாளுக்கு 21 ஜிபிக்கு மேல் ஆகும். நாலுக்கும் சேர்த்து ஏறக்குறைய 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் 11, 12 நாளில் நிறைந்து பழையதை அழிக்க ஆரம்பிக்கும். இன்றே எடுக்கணும்.

சம்பவத்துக்கு முன்னும் பின்னும் 10 நிமிடம் சேர்த்து, டிவிஆரின் சொந்த ஃபார்மேட்டிலேயே எக்ஸ்போர்ட் செய்து, அதன் பிளேயரையும் கூடவே வையுங்க. ஏவிஐ போன்ற பொது வீடியோ ஃபார்மேட்டுக்கு மாற்றினால் அது வேறு ஃபைல். டிவிஆர் கடிகாரத்தையும் நெட்வொர்க் நேரம் காட்டும் போனையும் ஒரே படத்தில் எடுத்து, எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதி வையுங்க. குறுக்கு விசாரணையில் முதலில் அடிவாங்குவது இந்த நேரம்தான்.

பிறகு மெனு வழியாக ஷட்டவுன் செய்து டிஸ்க்கைக் கழற்றி சீல் வைத்துவிட்டு, புது டிஸ்க் போடுங்க. கழற்றியதைக் கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டாம். விண்டோஸுக்கு அந்த ஃபார்மேட் புரியாமல் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். யாராவது ஓகே அழுத்தினால் போச்சு.

அஸ்தம்பட்டி_சிவில்
65பி மாடலைத் தூக்கிப் போடுங்க தம்பி. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 63. சான்றிதழ் படிவம் அட்டவணையிலேயே இருக்கிறது. பகுதி அ-வில் கட்சிக்காரர் கையெழுத்து, பகுதி ஆ-வில் நிபுணர் கையெழுத்து. போனின் மாடல், சீரியல் நம்பர், ஐஎம்இஐ, நிறம் வரை கேட்கிறார்கள். இரண்டு பகுதியிலும் ஹாஷ் மதிப்பும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான குறியீடு), அது எந்த முறையில் எடுத்தது என்பதும் வேண்டும்.

நிபுணர் யார் என்பதில்தான் இழுபறி. 63(4) 'நிபுணர்' என்று மட்டும் சொல்கிறது. எதிர்த்தரப்பு, அரசு அறிவித்த மின்னணுச் சான்று ஆய்வாளரைப் பற்றிய 39(2)ஐயும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஏ-வையும் காட்டி ஆட்சேபிப்பார்கள். படிப்பும் அனுபவமும் சொல்லிக் கூண்டில் நிற்கக்கூடியவரைப் பிடியுங்க. மொபைல் கடைக்காரர் கையெழுத்து என் கணக்கில் ரிஸ்க்.

இன்னொன்று. வியாபாரிகளுக்குள் சரக்கு விற்பனை, 3 லட்சத்துக்கு மேல். அப்படியானால் இது வணிகத் தாவா. அவசர நிவாரணம் கேட்காவிட்டால், வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ-படி வழக்குக்கு முந்தைய சமரசம் முடித்துவிட்டுத்தான் ஃபைல் செய்ய முடியும். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 11படி கைவசமுள்ள ஆவணம் எல்லாவற்றையும், நமக்குப் பாதகமானதையும் சேர்த்து, பிளெயின்ட்டோடு (வழக்கு மனு) கொடுக்கணும். "எடை குறையுதே" என்று அவர் அனுப்பிய மெசேஜை விட்டுவிட்டு நாலு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போட்டால் நம் தலையில்தான் விழும். எலக்ட்ரானிக் பிரிண்டுக்கு அதே ஆர்டரின் ரூல் 6 உறுதிமொழி தனி.

செவ்வாய்ப்பேட்டை_ஜூனியர்
நன்றிங்க அண்ணா. ஹாஷ் எப்படி எடுப்பது? சாட்டை எக்ஸ்போர்ட் செய்தால் போதுமா?

டிவிஆர்_டெக்னீஷியன்
கம்ப்யூட்டரில் செவன்-ஜிப் சாஃப்ட்வேர் போட்டால் ஃபைல் மேல் ரைட் கிளிக்கிலேயே எஸ்ஹெச்ஏ-256 முறை ஹாஷ் வரும், 64 எழுத்து. டைப் அடிக்காமல் காப்பி செய்யுங்க. பெயர் மாற்றினால் ஹாஷ் மாறாது, திறந்து சேவ் செய்தால் மாறலாம். பென்டிரைவில் போட்ட பிறகு மறுபடி எடுத்து ஒப்பிடுங்க. வீடியோவை வாட்ஸ்அப்பில் ஆபீசுக்கு அனுப்பி அதை பென்டிரைவில் ஏற்றுவதுதான் வழக்கமான தப்பு. அது சுருங்கிவிடும், ஹாஷ் ஒத்துவராது.

சாட் எக்ஸ்போர்ட் வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடில் யாரும் திருத்தலாம். அதனால் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும். சேவ் செய்த பெயர் மட்டும் போதாது, கான்டாக்ட் இன்ஃபோவில் நம்பர் தெரியும் பக்கத்தையும் எடுங்க. மீடியாவோடு என்றால் கடைசி 10,000 மெசேஜ்தான் வரும்.

அஸ்தம்பட்டி_சிவில்
போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது என்று கட்சிக்காரரிடம் எழுத்திலேயே வாங்கிக்கோங்க. சுப்ரீம் கோர்ட்டின் 2020 அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்புப்படி, உரிமையாளரே கூண்டேறி அசல் போனைக் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை. பகுதி ஆ-வில் ஆட்சேபனை நின்றுவிட்டால் கைகொடுக்கப் போவது அந்தப் போன்தான்.