பழைய ட்ரை-ஆங் மாதிரி ரயில் எஞ்சின் கோடு 75 (Code 75) பாதையில் ஷார்ட் ஆகித் தடம் புரள்கிறது: வழி உண்டா?

ஆவிவண்டி (கேள்வி)

வணக்கம். ட்ரை-ஆங் நிறுவனம் 1960களில் வெளியிட்ட, ஆறு சக்கரங்கள் கொண்ட டேங்க் எஞ்சின் ஒன்றை அதே நிறுவனத்தின் சூப்பர் 4 தண்டவாளத்தில் குறையின்றி ஓட்டி வருகிறேன். இப்போது பீக்கோ கோடு 75 தண்டவாளமும் எலெக்ட்ரோஃபிராக் பாயிண்ட்டுகளும் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்துத் துண்டுகள்) கொண்டு புதிய பாதை அமைத்திருக்கிறேன். இரண்டிலும் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. தான் என்றாலும், பழைய எஞ்சினுக்குப் புதிய பாதை ஒத்துவரவில்லை.

நேர்பாதையிலேயே சக்கரங்கள் எதன் மீதோ ஏறி இறங்குவது போலத் தடதடக்கின்றன. பாயிண்ட்டுக்குள் நுழைந்ததும் கண்ட்ரோலர் ஷார்ட் என்று காட்டி மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. கையால் தள்ளிவிட்டால் ஃபிராக் (பாயிண்ட்டில் இரு தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை) அருகே முன்சக்கரம் எழும்பித் தடம் புரள்கிறது. பழைய பாதையில் எளிதாக இழுத்த நான்கு பெட்டிகளை இங்கே இழுக்க முடியாமல் சக்கரங்கள் வழுக்குகின்றன. புதிய எஞ்சின்கள் அனைத்தும் இதே பாதையில் சீராக ஓடுவதால் பாதையில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. எஞ்சினின் அசல் சக்கரங்களை மாற்றாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

இரும்புப்பாதை

நண்பரே, தடதடப்புக்குக் காரணம் சக்கர விளிம்பின், அதாவது தண்டவாளத்தின் உட்பக்கமாகக் கீழிறங்கும் பகுதியின், ஆழம். கோடு 75 என்பது தண்டவாளத்தின் உயரம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 75 பங்கு, அதாவது சுமார் 1.9 மி.மீ. என்பதைக் குறிக்கிறது, கோடு 100 தண்டவாளத்தின் உயரம் 2.54 மி.மீ. இக்காலச் சக்கரங்களின் விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழமே கொண்டிருப்பதால் எதிலும் படாமல் செல்கிறது. உங்கள் எஞ்சினின் ஆழமான விளிம்போ, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் சிறு பிளாஸ்டிக் பிடிகளின் தலையில் இடித்துக்கொண்டே போகிறது. அந்தப் பிடிகளை உற்றுப் பாருங்கள். உட்பக்கத்தில் மட்டும் தேய்ந்து பளபளப்பு ஏறியிருக்கும்.

பாயிண்ட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஓர் அளவு தேவை. ஓர் அச்சின் இரு சக்கரங்களுடைய உட்புற முகங்களுக்கு இடையே உள்ள தூரத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதுங்கள். எல்லா அச்சுகளையும் அளப்பது நல்லது.

ஆவிவண்டி

அளந்துவிட்டேன். மூன்று அச்சுகளிலும் 13.6 மி.மீ. தான் வருகிறது. நீங்கள் சொன்ன பளபளப்பும் பிடிகளில் தெரிகிறது.

இரும்புப்பாதை

அப்படியானால் ஷார்ட்டுக்கும் தடம் புரள்வதற்கும் வேர் ஒன்றுதான். இன்றைய 00 (உங்களுடையதைப் போன்ற 16.5 மி.மீ. பாதையில் ஓடும் மாதிரி அளவு) சக்கரங்களில் இந்த இடைவெளி ஏறத்தாழ 14.5 மி.மீ. இருக்கும். உங்கள் சக்கரங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதால், ஒவ்வொரு சக்கரத்தின் முதுகும், அதாவது உட்புற முகமும், பாதையின் நடுப்பக்கம் தள்ளியிருக்கிறது.

எலெக்ட்ரோஃபிராக் பாயிண்ட்டில் இரண்டு நாக்குகளும் (வழியை மாற்ற நகரும் கூர்முனைத் தண்டவாளங்கள்) ஃபிராக்கோடு ஒரே மின்முனையில் இருப்பவை. ஆகவே, திறந்து நிற்கும் நாக்குக்கும் அதன் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் மின்முனை எதிரெதிர். அவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் சக்கரத்தின் முதுகு நாக்கைத் தொட்டால், அந்தச் சக்கரமே இரு முனைகளையும் இணைத்துவிடுகிறது. சோதித்துப் பார்ப்பது எளிது: திறந்த நாக்கின், தண்டவாளத்தை நோக்கிய பக்கத்தில் மெல்லிய ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை ஒட்டி எஞ்சினை மெதுவாக ஓட்டுங்கள். ஷார்ட் வரவில்லையென்றால் காரணம் உறுதியாகிவிடும்.

இதற்குச் சக்கரத்தைத் தொட வேண்டியதில்லை. நாக்குகளுக்கும் ஃபிராக்குக்கும் உள்ள மின்னிணைப்பைத் துண்டித்து, ஒவ்வொரு நாக்கையும் அதன் பக்கத்துத் தண்டவாளத்தோடு சிறு கம்பியால் பற்றவைத்து இணையுங்கள். ஃபிராக்குக்குரிய மின்சாரத்தைப் பாயிண்ட் மோட்டாரோடு சேர்ந்து மாறும் ஸ்விட்ச் வழியாகக் கொடுங்கள். அதன்பின் சக்கரம் நாக்கைத் தொட்டாலும் தீங்கில்லை.

செம்புக்கம்பி

மேலே சொன்ன மின்னிணைப்பு முறை சரியானதே. ஆனால் அது பாதி நோய்க்குத்தான் மருந்து. தடம் புரள்வது மின்சாரத்தால் வருவதன்று. ஃபிராக்குக்கு எதிரே உள்ள செக் ரெயில் (தண்டவாளத்தின் உட்பக்கத்தில் அதை ஒட்டி அமையும் சிறு வழிகாட்டித் தண்டவாளம்) சக்கரத்தின் முதுகைப் பிடித்து வழிநடத்துகிறது. 13.6 மி.மீ. இடைவெளியுள்ள அச்சு அந்த இடத்தில் இறுகிப்போவதால், சக்கரத்துக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. செக் ரெயிலை அரம் கொண்டு தேய்த்து இடைவெளியை அகலப்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிச் செய்தால் இப்போது நன்றாக ஓடும் புதிய எஞ்சின்களின் சக்கரங்கள் வழிகாட்டல் இழந்து ஃபிராக்கின் முனையில் இடிக்கத் தொடங்கும்.

சக்கரங்களை அச்சிலேயே வெளிப்பக்கமாக நகர்த்துவதும் உண்டு. பெட்டிகளுக்கு அது பொருந்தும்; பல பெட்டிகளில் சக்கரத் தொகுதியையே புதிதாக மாற்றிவிடலாம், பழையதைப் பத்திரப்படுத்தினால் போதும். எஞ்சினின் இயக்கு சக்கரங்களோ வரிவரியான பற்களுள்ள அச்சில் அழுத்திப் பொருத்தப்பட்டவை. அவற்றை நகர்த்தும்போது இரு பக்கத்துக் கிராங்க்குகளுக்கும் (இணைப்புக் கம்பி பொருந்தும் முளைகள்) இடையே இருக்க வேண்டிய 90 பாகைக் கோணம் சிறிது பிசகினாலும் இணைப்புக் கம்பிகள் சிக்கி எஞ்சின் நொண்டும். தாங்களே அசல் சக்கரங்களை மாற்ற விரும்பவில்லை என்று எழுதியிருக்கும்போது, அந்த வழியில் இறங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

வழுக்கும் தொல்லைக்குக் காரணம் வேறு. அக்கால ட்ரை-ஆங் எஞ்சின்கள் பலவற்றில் காந்தத்தின் இழுவிசை சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் மேக்னட்ஹீஷன் என்ற ஏற்பாடு இருந்தது. சூப்பர் 4 எஃகுத் தண்டவாளத்தில் அது வேலை செய்யும். தங்கள் புதிய பாதை செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த நிக்கல் சில்வரால் ஆனது. அதைக் காந்தம் ஈர்க்காது. கொதிகலன் கூட்டுக்குள் சிறிது ஈயம் சேர்த்தால் பிடிப்பு ஓரளவு திரும்பும். ஆனால் மோட்டார் சூடேறுகிறதா என்று கவனித்துக்கொண்டே சேர்க்க வேண்டும்.

ஆவிவண்டி

ஒட்டுநாடா வைத்ததும் ஷார்ட் நின்றுவிட்டது. மிக்க நன்றி. எனினும் செக் ரெயிலில் இன்னும் ஏறுகிறது. பாயிண்ட்டுகள் மட்டும் கோடு 100 வகையாக இருந்தால் போதுமா?

செம்புக்கம்பி

கோடு 100 பாதையில் விளிம்பு பிடிகளில் இடிப்பது பெரிதும் குறையும், ஆனால் 13.6 மி.மீ. அச்சு எல்லாப் பாயிண்ட்டுகளையும் கடக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு பாயிண்ட் வாங்கி, மேசைமேல் வைத்து, எஞ்சினைக் கையால் இருபுறமும் தள்ளிப் பார்த்த பிறகு மற்றவற்றை வாங்குங்கள்.

என்னிடம் கேட்டால், பழைய எஞ்சினுக்கென்று பாயிண்ட் இல்லாத வெளிவட்டம் ஒன்றைச் சூப்பர் 4 தண்டவாளத்திலேயே அமைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இழுவிசையும் முழுமையாகக் கிடைக்கும். பின்னாளில் அதை மற்றப் பாதையோடு சேர்க்க விரும்பினால், சூப்பர் 4 தண்டவாளத்தைக் கோடு 100 உயரமுள்ள சிஸ்டம் 6 பாதையோடு இணைக்க அக்காலத்திலேயே வெளிவந்த மாற்றுத் துண்டு பழைய பொருள் விற்பவர்களிடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். எஃகு துருப்பிடிக்கும் என்பதால் ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். உப்புத்தாள் கொண்டு தேய்க்காமல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள்.