கீழ்த்தாடை விரிப்பு: சாவி திருப்பிய நாட்கள்

கோணப்பல்:
ஆபரேஷன் கதை வேண்டாம், இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த முதல் ராத்திரிதான் இன்னும் மறக்கவில்லை. குறுகலான கீழ்த்தாடையை அகலமாக்க, கீழ் முன்பற்களுக்கு நடுவே எலும்பை வெட்டி விரிக்கும் கருவியைப் பொருத்தி, ஐந்து நாள் சும்மா விட்டிருந்தார்கள். இனி தினம் ஒரு மில்லிமீட்டர் விரிய, கருவியின் திருகை வீட்டிலேயே சாவியால் திருப்ப வேண்டும். தம்பி செல்போன் டார்ச் பிடித்தான், அம்மா சாவியைப் போட்டுத் திருப்பினார். வலி பெரிதாக இல்லை, பல்லில் ஒரு இறுக்கம் மட்டும். திருப்பி முடித்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "அம்புக்குறி இந்தப் பக்கம்தானே?" விடிய விடியத் தூங்கவில்லை. காலையில் டாக்டர் பார்த்துவிட்டுச் சரியான பக்கம்தான் என்றார். நாலைந்து நாளில் நாக்கு நுனி முன்பற்களுக்கு நடுவே விழுந்த இடைவெளிக்குள் போய் உட்கார ஆரம்பித்தது.

தயிர்வடை:
எனக்கு அந்த ஓட்டைதான் எதிரி. பஸ்ஸில் "சைதாப்பேட்டை" என்று மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் விசில்தான் வந்தது. கடைசியில் கண்டக்டரே ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். தாம்பரத்துக்கு.

பஞ்சாயத்து:
இதற்கெல்லாம் ஏன் வெட்டுகிறார்கள்? அக்கா மகனுக்கு வாய்க்குள் தட்டு போட்டே விரித்தார்களே.

ரசம்சாதம்:
அது மேல்தாடையாக இருக்கும் சார். அண்ணத்தின் நடு இணைப்பு சின்ன வயதில் இறுகியிருக்காது, தட்டு போட்டால் பிரியும். கீழ்த்தாடையின் இரண்டு பாதியும் ஒரு வயதுக்குள்ளேயே ஒட்டிவிடுகின்றன. அங்கே தட்டு போட்டால் பல்தான் சாயும். சைபீரியாவில் இலிசாரோவ் என்ற எலும்பு டாக்டர் காலெலும்பை வெட்டி மெல்ல மெல்ல இழுத்து நீட்டினாரே, அதே வித்தைதான் இது. புதிதாகச் செய்துகொள்பவர்களுக்கு: சாவியில் நூல் கட்டுங்கள், தொண்டைக்குள் போய்விட்டால் வம்பு. ஒவ்வொரு திருப்பலையும் காலண்டரில் குறியுங்கள், இல்லையென்றால் "திருப்பினோமா, இல்லையா" என்று வீட்டில் சண்டை வரும். ஓட்டையை உடனே மூடச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள். புது எலும்பு கெட்டிப்பட இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை கருவி வாயில்தான். உதட்டில் மரமரப்பு, காதருகே வலி எது வந்தாலும் சொல்லிவிடுங்கள். முறுக்குப் பக்கமே போகாதீர்கள். என் கதையா? இரண்டு மாதம் குழைந்த சாதம், அவ்வளவுதான்.

கோணப்பல்:
நூல் யோசனையை மூன்று வருஷம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

பஞ்சாயத்து:
அக்காவிடம் கேட்டேன், மேல்தாடைதானாம். ஆனாலும் செலவு எவ்வளவு என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே?